புதுக்கோட்டை மங்கையும் புற்றுநோய்க் கோட்டையும்

கருப்பையின் வாயிலே ஒரு புற்று. தொடக்கத்திலே அது வலிக்காது. காய்ச்சல் காட்டாது. கண்ணுக்குத் தெரியாது. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று மெல்ல மெல்ல வேர் விடும். முற்றிய பிறகுதான் உதிரமாகக் கொட்டும். அப்போதும் அந்தத் தாய் வாய் திறக்கமாட்டாள். உடல்சூடு என்பாள். வயதுக் கோளாறு என்பாள். வெள்ளைப்படுதல் எந்தப் பெண்ணுக்கு இல்லை என்பாள். கணவனிடம் சொல்லக் கூச்சம்; மகனிடம் சொல்ல வெட்கம்; மருத்துவரிடம் காட்ட நாணம். களத்துமேட்டிலே நெல் தூற்றிக்கொண்டே, அடுப்படியிலே புகை ஊதிக்கொண்டே, தன் சாவைத் தானே சுமந்து திரிவாள். கடைசியில் கட்டிலோடு தூக்கி வருவார்கள். கைவிரித்து அனுப்புவார் மருத்துவர்.

இது கதையல்ல, தோழர்களே, கணக்கு! 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஏறத்தாழ 1,27,000 பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்பது உலக மதிப்பீடு. உலகெங்கும் அந்த ஆண்டில் இந்நோய்க்குப் பலியானவர்கள் 3,50,000 பேர். அதாவது நாலைந்து பிணங்களில் ஒன்று இந்தியத் தாயின் பிணம்! தீராத நோயா இது? இல்லை. தொடக்கத்திலே கண்டுபிடித்தால் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். முற்றிய நிலையில் வந்தாலோ நூற்றுக்கு இருபது பேர் பிழைப்பதே அரிது. எண்பதுக்கும் இருபதுக்கும் நடுவே நிற்பது எது? மருந்தல்ல, மருத்துவமல்ல. வெட்கம்! அறியாமை! பெண்ணின் உடலைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று காலம் காலமாக ஊட்டப்பட்ட நஞ்சு!

அந்த நஞ்சை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடிய ஒரு பெண்மணியை இன்று நினைவுகூர வேண்டும். சட்டமன்றத்திலே அவர் போராடியதை நாடு அறியும். மருத்துவமனை கட்டியதையும் நாடு அறியும். இரண்டும் இரண்டு வேறு தொண்டுகள் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, இரண்டும் ஒன்றே. அதை எடுத்துக்காட்டத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையைக் கூற முற்படுகிறேன்.

புதுக்கோட்டை! தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசு. அங்கே 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசிக் குலமென்று ஊரார் ஒதுக்கி வைத்த இசை மரபிலே வந்தவர். தந்தையின் உறவினர் அந்தத் தாயை ஏற்கவில்லை. தாயின் குலத்தை ஊர் மதிக்கவில்லை. ஆடலும் பாடலும் மட்டும் வேண்டும். ஆடியவளும் பாடியவளும் மனிதப் பிறவி என்ற எண்ணம் வேண்டாம்! இதுதான் அன்றைய சமுதாயத்தின் நீதி. அந்த நீதியின் அடியிலே பிறந்த பெண், எழுதப் படிக்கத் துடித்தாள்.

பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலம் அது. பூப்படைந்த பெண் பள்ளிக்குப் போவதா என்று ஊர் முணுமுணுத்தது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே பயின்றார். தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அடுத்தது கல்லூரி. ஆடவர் படிக்கும் கல்லூரியிலே ஒரு பெண்ணா? ஒழுக்கம் என்னாவது, ஊர் என்னாவது என்று கூக்குரல் எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் கூக்குரலுக்குச் செவி சாய்க்கவில்லை, இடம் கொடுத்தார். ஆனாலும் திரை போட்ட வண்டியிலே போக வேண்டும். ஆடவர் கண்ணில் படாதபடி ஒதுங்கி உட்கார வேண்டும். அறிவைத் தேடிப் போனவளுக்கும் திரை!

அந்தத் திரையை மறவாதீர்கள். திரைக்குப் பின்னே உட்கார வைக்கப்பட்ட பெண், திரைக்குப் பின்னே செத்துக்கொண்டிருந்த பெண்களைத் தேடிச் சென்ற வரலாறே அவருடைய வாழ்க்கை.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்கு முன்பே அங்கே பெண்கள் படித்ததுண்டு. 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூவரும் அங்கே கால் வைத்தார்கள். அந்த ஷார்லீப் அம்மையார் 1885-ல் சென்னையிலே பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமாக இருந்தார். மக்கள் அதற்கு இட்ட பெயர் கோஷா ஆஸ்பத்திரி. கோஷா என்றால் திரைமறைவு. ஏன் வந்தது அந்தப் பெயர்? ஆண் மருத்துவர் தொடுவதைவிடச் சாவது மேல் என்று எண்ணி, பிள்ளைப்பேற்றிலும் பெருநோயிலும் பெண்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். திரையை விலக்க முடியாது. ஆகவே திரைக்குள்ளேயே நுழைந்து மருத்துவம் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணியிலே அந்த மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் நடக்கிறது. பெயர் மாறிவிட்டது. அந்தப் பெயருக்குக் காரணமான நாணம் மாறியதா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1912-ஆம் ஆண்டு பதக்கங்களும் பாராட்டும் பெற்று மருத்துவப் பட்டம் வாங்கினார் முத்துலட்சுமி. எழும்பூரிலே பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். எப்படி மணந்தார்? தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு மணந்தார். நூறாண்டுக்கு முன்பு இந்த நாட்டிலே மணமேடை ஏறுமுன் இப்படி ஒரு பெண் கேட்டாள் என்றால் அவளுடைய நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்!

மருத்துவராகப் பேர் பெற்ற வீட்டிலேயே அந்த நோய் நுழைந்தது. உடன்பிறந்த தங்கைக்குக் குடலிலே நோவு. சீதபேதி என்றார்கள். அதற்குரிய மருந்தே கொடுத்தார்கள். உண்மையில் அது புற்றுநோய். உண்மை வெளியானபோது காலம் கடந்துவிட்டது. அக்கா மருத்துவர், அத்தான் மருத்துவர், நகரத்திலே வாழ்வு, பெரிய பெரிய மருத்துவர்களின் பழக்கம். இத்தனையும் இருந்தும் 1923-ல் அந்த இளம்பெண் மாண்டாள். மருத்துவர் வீட்டிலேயே இந்தக் கதி என்றால், மாட்டுவண்டியும் போகாத சிற்றூரிலே வாழும் உழவன் மனைவியின் கதி என்ன? இந்தக் கேள்வி அம்மையாரின் உள்ளத்திலே தைத்தது. இறுதிவரை அது அகலவே இல்லை.

1925-ல் இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி உயர்பயிற்சி பெற்றார். புற்றுநோய்க்கென்றே அங்கே மருத்துவமனை இருப்பதைக் கண்டார். சாவு என்று நாம் பெயரிட்டு அழும் நோயை அங்கே நோய் என்று பெயரிட்டு எதிர்த்து நிற்கிறார்களே என்று கண்டார். அந்த எண்ணத்தோடு தாயகம் திரும்பினார்.

திரும்பியவரைச் சென்னைச் சட்டமன்றம் அழைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவர். மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி கிடைத்தது, பட்டாடை உடுத்திப் பதுமைபோல் உட்கார்ந்திருந்தாரா? இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டுமென்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி பெருக வேண்டுமென்றார். திருமண வயதை உயர்த்த வேண்டுமென்று வாதாடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார்.

வைதீகம் சீறியது. சாத்திரம் போச்சு, கலை போச்சு என்று சனாதனிகள் கூவினார்கள். ஆண்டவன் பெயரால் சிறுமியின் கழுத்திலே பொட்டுக்கட்டி, அவளை ஆள்பவர்களுக்கு இரையாக்குவதற்குப் பெயர் கலையா? அம்மையார் அஞ்சவில்லை. அது தன் தாயின் குலத்துக்கு நேர்ந்த கொடுமையல்லவா! மன்றத்தின் உள்ளே அவர் போராட, வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அதே குலத்துப் பெண்களைத் தட்டி எழுப்பினார். சுயமரியாதை இயக்கம் துணை நின்றது. 1929-ல் தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-ல் வந்தது. இருபது ஆண்டு இடைவிடாத போர்!

அவர் நம் இயக்கத்தவர் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். காந்தியாரிடம் பற்றுக் கொண்டவர். காந்தியார் சிறைபிடிக்கப்பட்டதைக் கண்டித்து 1930-ல் மன்றப் பதவியைத் துறந்தவர். கொள்கையால் வேறுபட்டவரேயானாலும், தொண்டால் உயர்ந்தவரைப் போற்றத் தயங்குவது தமிழர் பண்பன்று. பொட்டுக்கட்டிலிருந்து தப்பிவந்து கதவைத் தட்டிய சிறுமிகளுக்கு ஒதுங்க இடமில்லை என்றபோது, தன் வீட்டையே திறந்துவிட்டார். அப்படித் தோன்றியதுதான் ஔவை இல்லம். அனாதைகளும் ஆதரவற்றோரும் அங்கே அமர்ந்து எழுத்தறிவு பெற்றார்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கூர்ந்து கவனியுங்கள்.

திருமண வயதை உயர்த்த வேண்டுமென்று அம்மையார் வாதாடியபோது, அது சமூகச் சீர்திருத்தம் என்றுதான் நாடு எண்ணியது. கருப்பைவாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது என்பது அன்று உலகிலே எவருக்கும் தெரியாது. இன்று தெரியும். எச்.பி.வி. என்னும் வைரசால் வருகிறது, உடலுறவால் தொற்றுகிறது. அந்த உண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு தரப்பட்டது. தொற்றிய எல்லோருக்கும் புற்று வருவதில்லை. பெரும்பாலோருக்குத் தானே மறைந்துவிடுகிறது. மறையாமல் நிலைத்துவிட்டால்தான் ஆபத்து. பருவம் முதிராத வயதிலே மணம் முடித்து, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று மருத்துவம் கூறுகிறது. அப்படியானால் பால்ய விவாகத்தை எதிர்த்து அம்மையார் நடத்திய போர், அவர் அறியாமலேயே, இந்தப் புற்றுநோயை எதிர்த்து நடத்திய போரும் ஆகிவிட்டதல்லவா? பெண்ணைப் படிக்க வை, வயது வந்தபின் மணம் செய்து வை, அவள் உடல் அவளுடையது என்று உணர வை என்பதெல்லாம் மேடைப்பேச்சு மட்டுமல்ல, மருத்துவம்!

இதற்குச் சான்று சென்னை நகரத்திலேயே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1981 தொடங்கிச் சென்னையின் புற்றுநோய்க் கணக்கைப் பதிந்து வருகிறது. தொடக்கத்திலே பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் கருப்பைவாய்க்கு. அந்த நோயின் அளவு பின்னர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊர் தழுவிய பரிசோதனைத் திட்டம் எதுவும் வருமுன்பே இறங்கத் தொடங்கிவிட்டது! பெண்கள் படித்தார்கள், மணவயது கூடியது, பிள்ளைப்பேறு குறைந்தது, துப்புரவும் வசதியும் பெருகின. நோய் பின்வாங்கியது. பின்வாங்காத இடம் எது? வறுமையும் அறியாமையும் வாழுமிடம், பெரும்பாலும் சிற்றூர்.

அந்த அடையாறு நிலையம் பிறந்த கதைக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அங்கே அம்மையார் தம் எண்ணத்தை வெளியிட்டார்: புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றைக் காண வேண்டும். கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? புற்றுநோய் வந்தால் சாவு உறுதி; சாகப் போகிறவனுக்கு மருத்துவமனை எதற்கு? பாமரன் மட்டும் இப்படி நினைக்கவில்லை, படித்தவனும் நினைத்தான், ஆட்சிப் பீடத்திலிருந்தவர்களும் நினைத்தார்கள். எரிகிற வீட்டிலே எடுத்தது இலாபம் என்று நினைக்கக்கூட ஆளில்லை. எரியட்டும் என்றே விட்டுவிட்டார்கள்.

ஓராண்டு அல்ல, ஈராண்டு அல்ல. பத்தொன்பது ஆண்டுகள் அவர் காத்திருந்தார். காத்திருந்தார் என்றா சொன்னேன்? கதவுகளைத் தட்டினார். கை ஏந்தினார். கடிதம் எழுதினார். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் வழியே புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றிலே மருத்துவமனை திறக்கப்பட்டது. மாளிகையா? மாடமா? பன்னிரண்டு படுக்கைகள். அவ்வளவுதான்! அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு கடந்துவிட்டது. பேரப் பிள்ளைகளோடு ஓய்ந்திருக்கும் வயதிலே புற்றுநோயின் கோட்டை வாயிலில் போய்ப் போர்முரசு கொட்டினார்.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டிலே பயின்று வந்து அந்தப் பன்னிரண்டு படுக்கைகளுக்குத் தோள் கொடுத்தார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப் பணி கிடைத்திருந்தும் அதை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்த இளம்பெண் அவர். 2021-ல் கண் மூடும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. அம்மையார் சேர்த்து வைத்த மிகப் பெரிய நிதி பணமல்ல, இப்படிப்பட்ட மனிதர்கள்!

அந்தக் கதவைத் தேடி வந்தவர்கள் யார்? வண்டி கட்டிக்கொண்டும் இரயிலேறியும் வந்த ஏழைகள். பெண்களில் பலர் கருப்பைவாய்ப் புற்றோடு வந்தவர்கள். அவர்களிலும் பலர் நோய் முற்றி வந்தவர்கள். கதிர் மருத்துவத்தால் அந்தப் புற்றை அடக்கலாம், காலத்திலே வந்தவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்பதை அடையாறு செய்து காட்டியது. ஒரு தாய் பிழைத்து ஊர் திரும்பினால் அதைவிடப் பெரிய பிரசாரம் வேறென்ன வேண்டும்? புற்று வந்தவள் போனாள் என்று எழுதிவிட்ட ஊரிலே, அவள் மறுபடியும் குடம் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தால், ஆயிரம் மேடைப்பேச்சுக்கு அது சமம்.

1956-ல் பத்மபூஷண் விருது அம்மையாரைத் தேடி வந்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாவது வயது நிறையும் தருவாயிலே அவர் மறைந்தார். அவர் நட்ட பன்னிரண்டு படுக்கைகள் நூற்றுக்கணக்காகப் பெருகின. ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. அவர் பிறந்த நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாட அறிவிப்பும் வந்தது. சிலைக்கு மாலையும் நாளுக்கு விழாவும் எடுத்துவிட்டால் கடமை முடிந்ததா? அவர் தொடங்கிய போர் முடிந்ததா? அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

திண்டுக்கல் மாவட்டத்திலே அம்பிளிக்கை என்றொரு சிற்றூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவ நிலையம் ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்போடு கூடி, 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அடையாறு நிலையத்தாரும் அதிலே பங்கு கொண்டார்கள். மாவட்டத்துச் சிற்றூர்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். 31,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெரிய கருவியா வைத்துச் சோதித்தார்கள்? இல்லை. நீர்த்த அசெட்டிக் அமிலம். சமையலிலே புளிப்புக்குச் சேர்க்கும் வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம். அதைக் கருப்பைவாயிலே தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியிலே பார்ப்பது. புற்றாக மாறக்கூடிய இடம் இருந்தால் வெளுத்துக் காட்டும். பார்த்தவர்கள் யார்? பயிற்சி பெற்ற செவிலியர்! வெளுத்த இடத்தைக் குளிரூட்டி அழிக்கும் மருத்துவத்தையும் அவர்களே செய்தார்கள்.

விளைவு? 2007-ல் வெளியிட்டார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட சிற்றூர்களிலே, அழைக்கப்படாத சிற்றூர்களைவிட நோய் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. அமெரிக்காவிலல்ல, இலண்டனிலல்ல, திண்டுக்கல் சீமையிலே, கரும்புக்கும் சோளத்துக்கும் நடுவிலே! மருத்துவம் கிராமத்தை நாடிப் போனால் கிராமத்துத் தாய் பிழைப்பாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 2007-லேயே தமிழக அரசு, தேனி, தஞ்சை மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, காசில்லாமல், 30 வயது கடந்த பெண்கள் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. கதவு திறந்தது. உள்ளே நுழைந்தவர்கள் எத்தனை பேர்?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது: 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலே இந்தியா முழுவதும் இந்தச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 1.9 பேர். தமிழகத்திலே 9.8 பேர். மாநிலங்களில் நாம்தான் முன்னே! முன்னே நிற்கிறோம் என்று மார் தட்டலாமா? நூற்றுக்குத் தொண்ணூறு தாய்மார் சோதனை மேசையைக் கண்டதில்லை என்பதல்லவா அதற்குப் பொருள்? ஓட்டப் பந்தயத்திலே எல்லோரும் நொண்டும்போது முதலாவதாக நொண்டுவது பெருமையா?

ஏன் வரவில்லை? கோஷா ஆஸ்பத்திரியின் திரை இன்னும் விலகவில்லை, தோழர்களே! துணித் திரை போய்விட்டது. மனத் திரை போகவில்லை. நோயே இல்லையே, ஏன் போக வேண்டும் என்கிறாள் ஒருத்தி. நோய் வெளிப்படுமுன் பார்ப்பதற்குத்தானே சோதனை! போனால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று தயங்குகிறாள் இன்னொருத்தி. கெட்ட நடத்தையால் வரும் நோய் என்று எவனோ கதை கட்டியிருக்கிறான். மணமாகிக் கணவனையன்றி எவரையும் அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வருகிறது. வைரசைச் சுமந்து வருபவன் ஆணாகவும் இருக்கிறான். அப்படியிருக்கப் பழியை மட்டும் பெண்ணின் தலையிலே சுமத்துவது எந்த ஊர் நியாயம்? ஒருநாள் கூலி போய்விடுமே என்று கணக்குப் பார்க்கிறாள் மற்றொருத்தி. அவள் கணக்குப் பொய்யல்ல. ஒருநாள் கூலி அவளுக்கு ஒருநாள் உலை. ஆகவே வேலைத் தளத்துக்கே, வீட்டுத் திண்ணைக்கே செவிலியர் போக வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின் பெயரிலேயே அந்த வழி இருக்கிறது. தேடிப் போவதுதான் மருத்துவம்!

ஆண்களுக்கும் ஒரு சொல். வீட்டிலே பசு நின்று தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறீர்கள். மனைவிக்கு மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் போகிறது என்றால் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கூடலுக்குப் பின் இரத்தக் கசிவு, மாதவிலக்குக்கு இடையிலே உதிரப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தீராத இடுப்பு வலி, அடிவயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எல்லாம் புற்றாகத்தான் இருக்கும் என்பதில்லை. புற்றாக இருந்துவிட்டால் நீங்கள் அழைத்துப் போன அந்த நாள்தான் அவளுடைய உயிர்.

அடுத்த தலைமுறைக்கு இன்னும் பெரிய நற்செய்தி இருக்கிறது. அம்மையார் காலத்திலே கனவிலும் காணாதது: தடுப்பூசி! 9 முதல் 14 வயதுக்குள் சிறுமிகளுக்குப் போட்டுவிட்டால் புற்றை உண்டாக்கும் முக்கிய வைரசுகளிலிருந்து காக்கிறது. ஒரு தவணையே போதிய காப்பு அளிக்கும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஊசியும் அதே ஆண்டில் அறிமுகமாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூறு சிறுமிகளுக்குத் தடுப்பூசி, எழுபது பெண்களுக்குச் சோதனை, நோய் கண்டவரில் தொண்ணூறு பேருக்கு மருத்துவம். இதை 2030-க்குள் எட்டிவிட்டால் இந்நோயை உலகிலிருந்தே விரட்டும் பாதை திறக்கும் என்று அந்நிறுவனம் இலக்கு வகுத்திருக்கிறது. ஊசி போட்டவளும் முப்பது வயதுக்குப் பின் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

புதுக்கோட்டையிலே திரை போட்ட வண்டியில் ஏறிய ஒரு சிறுமி, அந்தத் திரையைக் கிழித்தாள். கல்லூரியில் கிழித்தாள், மன்றத்தில் கிழித்தாள், கோயில் வாயிலில் கிழித்தாள், மருத்துவமனையில் கிழித்தாள். பெண்ணை இழிவாக நினைக்கும் மனம் எதுவோ அதுவே அவளைக் கொல்லும் நோய்க்கும் துணை என்று அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது. மிச்சமிருப்பது நம் வீட்டு வாசலில் தொங்கும் திரை. அதை முத்துலட்சுமி அம்மையார் வந்து கிழிக்க மாட்டார். நாம்தான் கிழிக்க வேண்டும்.

தாய்மார்களே, முப்பது வயது கடந்த எவரும் இந்தத் திங்களுக்குள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தனியே போகக் கூச்சமா? நாற்று நடத் தெருவோடு சேர்ந்து போவதில்லையா? அப்படியே சேர்ந்து போங்கள். தோழர்களே, கழனி வேலையை அன்று ஒருநாள் நீங்கள் பாருங்கள். கிளை தோறும், ஊர் தோறும் இதைப் பேசுங்கள். பேசக்கூடாத பேச்சு என்று எவனாவது தடுத்தால், பேசாததனால் செத்த தாய்மாரின் கணக்கை அவன்முன் வையுங்கள். வெட்கப்பட வேண்டியவள் நோயுற்ற பெண்ணல்ல. அவளைச் சாகவிட்ட சமுதாயம்!